கண்கள் இவருடையவை, குரல் யாருடையது?

1961-ல் வந்த 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' படத்தின் கடைசி ஷாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்ட படம். ஸ்பாய்லர் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின். ஒரு கோட்டை, அதன் அடித்தளத்தில் சித்திரவதை அறை. செத்துப்போனதாக நடித்துக் கணவனைப் பைத்தியமாக்கிய மனைவியை, பைத்தியமான அந்தக் கணவனே ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறான். பிறகு அவனும் சாகிறான். பெட்டிக்குள் ஆள் இருப்பது உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. மிச்சமிருப்பவர்கள் படியேறுகிறார்கள், இந்த அறையை இனி யாரும் திறக்கக் கூடாது என்று ஒரு பெண் சொல்கிறாள். கதவு சாத்தப்படும் அந்த நொடியில் கேமரா சட்டென்று திரும்பி இரும்புப் பெட்டியின் சிறு திறப்புக்கு ஓடுகிறது. உள்ளே வாய் கட்டப்பட்ட ஒரு முகம். இரண்டு பெரிய கண்கள், உயிரோடு. அவ்வளவுதான், படம் முடிந்தது.

அந்தக் கண்கள் பார்பரா ஸ்டீலுடையவை. வாயைக் கட்டியது கதைக்குள் நடக்கிற விஷயம். கதைக்கு வெளியிலும் அதேதான் நடந்தது: இந்தப் படத்தில் ஸ்டீல் பேசும் வசனங்களுக்குக் குரல் கொடுத்தது வேறொரு நடிகை.

திகில் சினிமா ரசிகர்களிடம் ஸ்டீல் பெயரைச் சொன்னால் உடனே கண்கள் என்பார்கள். அகன்ற நெற்றி, உயர்ந்த கன்ன எலும்பு, முகத்துக்கு அளவு மீறிய அந்தக் கண்கள். அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி முக வர்ணனைதான். அது பொய்யில்லை, ஆனால் முகத்தோடு நின்றுவிட்டால் ஒரு நடிகையின் வேலை கணக்கில் வராமல் போகிறது. அழகான முகம் உள்ள எல்லோரும் பயமுறுத்துவதில்லை. இவர் திரையில் என்ன செய்தார், அதில் எதை சினிமா எடுத்துக்கொண்டது, எதை வெட்டிப் போட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் ரசிகர்களான நமக்கும் ஒரு பங்கு உண்டு.

1

ஸ்டீல் பிறந்தது 1937 டிசம்பரில், இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில். படித்தது ஓவியம். ஐம்பதுகளின் கடைசியில் பிரிட்டனின் ராங்க் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. இளம் நடிகைகளை மாதச் சம்பளத்துக்கு எடுத்து, பழக்கி, சின்னச் சின்ன வேடங்களில் நிற்கவைத்துப் பார்க்கும் ஸ்டூடியோ முறையின் கடைசிக் காலம் அது. சில படங்களில் சிறு வேடங்கள். பிறகு அவருடைய ஒப்பந்தத்தை ராங்க், ஹாலிவுட்டின் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்கு விற்றுவிட்டது. நடிகையை இல்லை, ஒப்பந்தத்தை. ஆனால் கூடவே நடிகையும் போகத்தானே வேண்டும்?

ஃபாக்ஸுக்கு அவரை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'ஃப்ளேமிங் ஸ்டார்' என்ற வெஸ்டர்ன் படத்தில் ஒரு வேடம் கொடுத்தார்கள். படப்பிடிப்பிலிருந்து அவர் விலகினார், அந்த இடத்துக்கு பார்பரா ஈடன் வந்தார். குதிரை, தூசி, பண்ணை வீடு, நடுவில் ஸ்டீலின் முகம் என்று கற்பனை செய்து பாருங்கள். பொருந்தவே பொருந்தாது. ஹாலிவுட்டுக்கு அப்போது வேண்டியிருந்தது பார்த்ததும் புரிந்துவிடுகிற முகம். இவருடைய முகத்தில் நல்லவளா கெட்டவளா என்று சட்டென்று முடிவு செய்ய முடியாது.

அதே 1960-ல், அந்த முடிவு செய்ய முடியாமையையே கதையாக்கிய ஒருவர் ரோமில் இருந்தார்.

2

மாரியோ பாவா அதுவரை ஒளிப்பதிவாளர். மற்றவர்கள் பாதியில் விட்டுப்போன படங்களை முடித்துக்கொடுத்து நல்ல பேர் வாங்கியிருந்தார். தன் பெயரில் இயக்கிய முதல் படமாக 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ'வை (பிசாசின் முகமூடி) எடுத்தார். நிகோலாய் கோகலின் 'வீய்' கதையிலிருந்து கிளம்பி எங்கெங்கோ போகும் திரைக்கதை. உலகம் இந்தப் படத்தை 'பிளாக் சண்டே' என்ற அமெரிக்கப் பெயரில்தான் அறியும். பிரிட்டனில் இதைத் தடை செய்தார்கள். 1968-ல்தான் அங்கே வெளியானது.

தடைக்கான காரணம் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். 1630, மால்டாவியா. சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்ட இளவரசி ஆசாவை அவளுடைய சொந்த அண்ணனே தண்டிக்கிறான். முதுகில் சூடு வைக்கிறார்கள். பிறகு ஒரு வெண்கல முகமூடி வருகிறது, உள்பக்கம் முழுக்க ஆணிகள். அந்த ஆணிகள் நம்மை நோக்கி வருவதாக பாவா காட்டுகிறார். ஒரு ராட்சத மரச் சுத்தியல் ஓங்கப்படுகிறது. கட் செய்துவிடுவார் என்று நினைப்போம். செய்யமாட்டார்.

இரண்டு நூற்றாண்டு கழித்து இரண்டு மருத்துவர்கள் அந்தக் கல்லறைக்கு வந்து சேர்கிறார்கள். ஒருவர் முகமூடியைக் கழற்றுகிறார். அவர் கையில் பட்ட காயத்திலிருந்து ரத்தம் சொட்டி ஆசாவின் மேல் விழுகிறது. அவள் மெல்ல உயிர்பெறத் தொடங்குகிறாள். வெளியே வரும் மருத்துவர்கள் இடிந்த வாசலில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். கறுப்பு அங்கி, கையில் இரண்டு பெரிய நாய்கள். அதே முகம்! அவள் காட்யா, ஆசாவின் வம்சத்தில் வந்தவள். இரண்டு வேடமும் ஸ்டீல்தான்.

இரட்டை வேடம் நமக்குப் பழகிய விஷயம். ஒருவருக்கு மீசை, இன்னொருவருக்கு மீசை இல்லை. ஒருவர் கிராமம், இன்னொருவர் பட்டணம். வித்தியாசத்தை உடையும் ஒப்பனையும் பார்த்துக்கொள்ளும். பாவாவின் படத்தில் அந்த வசதி பாதிதான் உண்டு. ஆசாவின் முகத்தில் ஆணி குத்திய ஓட்டைகள் இருக்கின்றன. ஆனால் காட்யாவின் உயிரை அவள் உறிஞ்ச உறிஞ்ச, கதை நகர நகர, இரண்டு முகமும் நெருங்கிக்கொண்டே வரும். கடைசியில் நாயகன் குழம்பி, நல்லவளையே கொல்லப் போய்விடுகிறான். அவள் கழுத்தில் இருக்கும் சிலுவையைப் பார்த்துத்தான் நிறுத்துகிறான். பிறகு மற்றவளின் அங்கியை விலக்கினால் உள்ளே வெறும் எலும்புக்கூடு.

இந்த முடிவை யோசித்தால் ஒன்று புரியும். முகத்தை வைத்து அவனால் அடையாளம் காண முடியவில்லை. சிலுவை, எலும்பு என்று வெளிச் சாட்சி தேவைப்படுகிறது. ஆனால் பார்க்கிற நமக்கு அந்தச் சாட்சி தேவையே இல்லை, யார் யார் என்று முன்பே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? அங்கேதான் நடிப்பு இருக்கிறது.

ஆசா படத்தின் பெரும்பகுதி படுத்தே கிடக்கிறாள். கல் மேடை மேல், எழுந்திருக்க முடியாமல். கை கால் இல்லாத நடிப்பு. மூச்சு ஏறி இறங்குகிறது, மூக்கு விடைக்கிறது, பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது. அந்தப் படுக்கையிலிருந்தே ஒரு நடுத்தர வயது மருத்துவரை இழுத்து வீழ்த்துகிறாள். பசியும் ஆசையும் அந்த மூச்சில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, பிரிக்க முடியவில்லை. காட்யா நேரெதிர். எழுந்து நடக்கிறாள், ஓடுகிறாள், அழுகிறாள். ஆனால் உடம்பில் தெம்பே இல்லை. தோள் குறுகியிருக்கிறது, எதிரே இருப்பவர் முகத்தில் பார்வை நிற்காமல் நழுவிக்கொண்டே போகிறது. செத்தவளிடம் உயிர் துடிக்கிறது, உயிரோடு இருப்பவள் பாதி செத்திருக்கிறாள். திரைக்கதையில் இது ஒரு வரி, அவ்வளவுதான். அதைப் படம் முழுக்க உடம்பில் சுமந்து காட்டியது ஸ்டீல்.

பாவாவின் ஒளியால்தான் இவர் பெரிய ஆளானார் என்பார்கள். ஒளி பாதி உண்மை. ஆனால் அதே ஒளிதான் படத்தின் மற்ற நடிகர்கள் மேலும் விழுந்தது. அவர்களில் எத்தனை பேரின் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது?

3

இனி குரல்.

அன்றைய இத்தாலிய சினிமாவில் படப்பிடிப்பிலேயே ஒலி பதியும் பழக்கம் அநேகமாகக் கிடையாது. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள். ஒருவர் இத்தாலியன், ஒருவர் ஆங்கிலம், இன்னொருவர் பிரெஞ்சு. பிறகு எல்லாவற்றையும் டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். இத்தாலியில் வெளியாகும் பிரதிக்கு இத்தாலியக் குரல், ஏற்றுமதிப் பிரதிக்கு ஆங்கிலக் குரல். 'பிளாக் சண்டே'யை அமெரிக்காவில் வெளியிட்ட அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. சில நிமிடங்களை வெட்டி, புதிதாக டப்பிங் செய்து, ராபர்ட்டோ நிகோலோசியின் இசையைத் தூக்கிவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டது. அமெரிக்கா பார்த்ததும் கொண்டாடியதும் அந்தப் பிரதியைத்தான்.

என் வேலையில் ஒரு கோப்புக்குப் பத்து வெர்ஷன் இருந்தாலும், எது மூலம் என்று தேடினால் கிடைத்துவிடும். இந்தப் படத்தில் அப்படித் தேடிக்கொண்டு போனால் ஒரு விசித்திரமான இடத்தில் போய் நிற்போம். ஸ்டீல் நடித்த மொழி ஆங்கிலம். ஆங்கிலப் பிரதியில் கேட்பது அவர் குரல் இல்லை. இத்தாலியப் பிரதியிலும் இல்லை. அதாவது, அவருடைய மிகப் பெரிய படத்தின் மூலப் பிரதியில் அவர் குரலே கிடையாது. முகமூடி அறையப்படும் முன் ஆசா தன் வம்சத்தையே சபிக்கிறாள். ஒரு நடிகைக்குக் கிடைக்கக்கூடிய அபூர்வமான வசனம். அந்தச் சாபம் வேறொருவர் தொண்டையிலிருந்து வருகிறது.

நாயகிக்கு இன்னொருவர் பேசுவது தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிர்ச்சியே இல்லை. அதனாலேயே நாம் இதை எளிதாகக் கடந்துபோய்விடுவோம். 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' விஷயத்தில் கடந்துபோக முடியாது. அது அமெரிக்கப் படம், ஆங்கிலப் படம். இயக்குநர் ராஜர் கோர்மன், திரைக்கதை ரிச்சர்ட் மதிசன், எதிரே வின்சென்ட் பிரைஸ். நடிகையோ ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆங்கிலேயப் பெண். அப்படியிருந்தும் குரலை மாற்றினார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, வலுவான வாதம். குரலும் முகமும் ஒட்டாமல் இருப்பதுதான் இந்தப் படங்களின் அமானுஷ்யத்துக்கே காரணம் என்று சொல்லலாம். பேய் பிடிப்பது என்றால் என்ன? ஓர் உடம்பிலிருந்து இன்னொருவர் குரல் வருவது. டப்பிங்கும் அதுதானே! உதடு ஒரு விதமாக அசைய, ஒலி கால் நொடி தள்ளி, எங்கிருந்தோ வருகிறது. இந்தக் கல்லறைகளும் காலி மாளிகைகளும் நிறைந்த உலகத்தில் அந்தப் பிசகு பயத்தைக் கூட்டவே செய்கிறது. நேரடி ஒலியில் எடுத்திருந்தால் ஆசா இவ்வளவு தூரத்து ஜீவனாக இருந்திருப்பாளா?

இருந்திருக்க மாட்டாள் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் படத்துக்குக் கிடைத்த லாபமும் நடிகைக்குக் கிடைத்த லாபமும் ஒன்றில்லை. சில சமயம் ஒன்றின் லாபம் இன்னொன்றின் நஷ்டம். 'பிளாக் சண்டே' பேசப்பட்டபோது பாவா மேதையானார், ஸ்டீல் முகமானார். முகம் என்பது படைப்பாளியின் பெயர் இல்லை, அவர் பயன்படுத்திய பொருளின் பெயர். குரலையும் சேர்த்து வாங்கியிருந்தால் ஒருவேளை ஆள் என்று ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

4

அதன்பிறகு சவப்பெட்டிகள் வரிசையாக வந்தன. 1962 முதல் 1966 வரை இத்தாலியில் அவர் நடித்த திகில் படங்களைப் பார்த்தால் ஒரு தொழிற்சாலையே கண்முன் வருகிறது. சில வார ஷூட்டிங், குறைந்த பட்ஜெட். அமெரிக்கப் படம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக இயக்குநர்களுக்கு ஆங்கிலப் புனைபெயர்கள். ரிக்கார்டோ ஃப்ரெடா 'ராபர்ட் ஹாம்ப்டன்' ஆனார், அந்தோனியோ மார்கரிட்டி 'அந்தோனி டாசன்' ஆனார். போலி ஆங்கிலேயர்களுக்கு நடுவில் ஸ்டீல் அசல் ஆங்கிலேயர் என்பது ஒரு தமாஷ்.

ஃப்ரெடாவின் 'டாக்டர் ஹிச்காக்கின் கோரமான ரகசியம்' (1962) படத்தில் பிணங்களின் மேல் ஆசை கொண்ட மருத்துவரின் இரண்டாவது மனைவி. கண்ணாடி பதித்த சவப்பெட்டிக்குள் கிடந்து அலறும் காட்சி ஒன்று உண்டு, மறுபடியும் பெட்டிக்குள் முகம். அதே இயக்குநரின் 'லோ ஸ்பெத்ரோ'வில் (ஆவி, 1963) பாதிக்கப்பட்டவளாக இல்லாமல் கொலைகாரியாக வந்து, கள்ளக்காதலனைச் சவரக்கத்தியால் வெட்டித் தள்ளுகிறார். மரியோ கயானோவின் 'அமாந்தி தொல்த்ரேதோம்பா'வில் (கல்லறைக்கு அப்பால் காதலர்கள், 1965) மீண்டும் இரட்டை வேடம். கணவனால் கொல்லப்பட்ட கறுங்கூந்தல் மனைவி, பிறகு அவன் மணந்துகொள்ளும் பொன்னிறக் கூந்தல் கொண்ட அவளுடைய தங்கை. இசை என்னியோ மொரிகோனே, அப்போது அவ்வளவாகத் தெரியாதவர்.

எல்லாம் நல்ல படங்களா? இல்லை. சிலவற்றில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பதே பத்து நிமிடம் ஓடும். ஸ்டீலே ஏனோதானோ என்று நிற்கும் காட்சிகள் உண்டு. ஆனால் வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே கதை என்பது தெரிகிறது: ஒரு வீட்டில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள், அவள் திரும்பி வருகிறாள். மார்கரிட்டியின் 'மரணத்தின் நீண்ட கூந்தல்' (1964) படத்தில் தாயைச் சூனியக்காரி என்று எரிக்கிறார்கள். மகளுக்காக மரணமே கணக்கு தீர்த்துக்கொடுக்கிறது. கொன்றவர்கள் அண்ணன், கணவன், பிரபு. அறுபதுகளின் இத்தாலியில் விவாகரத்துச் சட்டமே கிடையாது, 1970-ல்தான் வந்தது. மனைவியைக் கொன்று கல்லறையில் மறைப்பதைப் பற்றி வரிசையாகப் படம் எடுத்துத் தள்ளிய நாடு அது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். இந்தப் படங்களை எடுத்தவர்களுக்குப் பெண்ணியக் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே நடிகை அடி வாங்குபவளாகவும் பழி தீர்ப்பவளாகவும் வந்துகொண்டே இருந்ததால், இரண்டும் ஒரே பெண்தான் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் படிந்துவிடுகிறது. திரைக்கதை ஆசிரியர்கள் எழுதாத விஷயம் இது. ஸ்டீலின் தொடர் இருப்பு எழுதியது.

இந்த வரிசையில் ஒன்றே ஒன்று பாருங்கள் என்றால் மார்கரிட்டியின் 'தான்சா மகாப்ரா'வை (மரண நடனம், 1964) சொல்வேன். ஆவிகள் உலவும் மாளிகையில் ஓர் இரவு தங்குவதாகப் பந்தயம் கட்டுகிறான் ஒரு பத்திரிகையாளன். அங்கே எலிசபெத்தைச் சந்திக்கிறான். காதல். அவள் மார்பில் தலைசாய்த்துப் படுக்கிறான். இதயத் துடிப்பு கேட்கவில்லை. அவனுக்கு அது பயங்கரம். ஸ்டீலின் முகத்தில் தெரிவது அவமானம். ஏழ்மையை விருந்தாளி கண்டுபிடித்துவிட்ட வீட்டுக்காரியின் முகம் அது. பயமுறுத்த வேண்டிய இடத்தில் கூசிப்போவது எந்தத் திகில் பட ஃபார்முலாவிலும் இல்லை. பேய்க்கு வெட்கம் உண்டு என்று கண்டுபிடித்தது இந்த நடிகை.

5

அவருக்கே இந்தப் படங்கள் மேல் பெரிய மரியாதை இருக்கவில்லை. சவப்பெட்டியிலிருந்து எழுந்து எழுந்து அலுத்துவிட்டது என்பதைப் பேட்டிகளில் காரமாகவே சொல்லியிருக்கிறார். அவர் பெருமைப்பட்டது ஃபெல்லினியைப் பற்றி. '8½' (1963) படத்தில் குளோரியாவாக வருவார். நடுத்தர வயது தாண்டிய மெஸ்ஸபோத்தாவின் இளம் காதலி, நவீன மனிதனின் தனிமை குறித்து ஆராய்ச்சி செய்பவள். பெரியவர் மூச்சு வாங்க அவளோடு ட்விஸ்ட் ஆடும் காட்சி இருக்கிறது. மற்ற படங்களில் பயங்கரமாகத் தெரிந்த அதே முகம் இங்கே கேலிச் சித்திரமாகிறது. கொஞ்ச நேரமே வருகிறார். ஆனால் சிரிக்கவைக்கவும் தெரியும் என்று காட்டிவிடுகிறார். வோல்கர் ஷ்லோண்டார்ஃபின் 'யங் டோர்லெஸ்' (1966) படத்தில் பொஷேனா என்ற பாலியல் தொழிலாளி. ராபர்ட் மூசிலின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட, கான் விழாவில் விமர்சகர் பரிசு பெற்ற படம். அதில் விடுதிப் பையன்களை அவர் பார்க்கும் பார்வையில் இரக்கமும் ஏளனமும் சரிபாதி.

இப்படி ஒரு கதவு திறந்தது, ஆனால் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. 1968-ல் 'கர்ஸ் ஆஃப் தி கிரிம்சன் ஆல்ட்டர்' படத்தில் போரிஸ் கார்லாஃப், கிறிஸ்டோபர் லீ எல்லோரும் இருக்கிறார்கள். ஸ்டீலுக்கு உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசி, தலையில் கொம்பு வைத்த கிரீடம் மாட்டி உட்காரவைத்துவிட்டார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் மூச்சை மட்டும் வைத்து ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தியவர் அங்கே அலங்காரப் பொருள்.

பிரான்சில் 'மிதி-மினுயி ஃபான்தாஸ்தீக்' போன்ற பத்திரிகைகள் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலமும் அதுதான். இந்த இடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு நடிகையை ரசிகர்கள் தெய்வமாக்கும்போது, தெய்வத்துக்கு வேறு வேலை கிடைப்பது கஷ்டமாகிறது. கல்ட் என்பது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஆணி வைத்த அன்பு. ஒரு முகபாவத்தை அப்படியே அறைந்து நிறுத்திவிடுகிறது. இன்று இணையத்தில் ஸ்டீல் எப்படி வாழ்கிறார்? பின்னணிப் படமாக, மூன்று நொடி திரும்பத் திரும்ப ஓடும் துண்டாக. அதில் ஒலியே கிடையாது. அறுபதுகளில் டப்பிங் அறையில் ஆரம்பித்ததை நாம் கைபேசியில் முடித்துவைத்திருக்கிறோம்.

6

எழுபதுகளில் அவரைத் திரும்பக் கூப்பிட்டவர்கள் புதிய தலைமுறை இயக்குநர்கள். ஜானதன் டெம்மியின் முதல் படமான 'கேஜ்ட் ஹீட்'டில் (1974) சக்கர நாற்காலியில் வரும் சிறை அதிகாரி. டேவிட் க்ரோனென்பர்கின் 'ஷிவர்ஸ்' (1975) படத்தில் மான்ட்ரியல் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் பெண். கோட்டையும் இல்லை, அங்கியும் இல்லை. பேய் வருவது குளியல் தொட்டியின் வடிகால் வழியாக. ஜோ டான்டேயின் 'பிரான்யா'வில் (1978) அரசு அனுப்பும் விஞ்ஞானி.

இவற்றில் அவர் குரலைக் கேட்கலாம். அமர்த்தலான, ஒவ்வொரு சொல்லையும் கடித்து உச்சரிக்கிற ஆங்கிலக் குரல். அதில் மெல்லிய கிண்டல் ஒன்று எப்போதும் ஓடுகிறது. இந்தக் குரலையா தூக்கி எறிந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

எண்பதுகளில் அவர் கேமராவுக்குப் பின்னால் போனார். டான் கர்டிஸோடு சேர்ந்து, ஹெர்மன் வூக்கின் நாவல்களை வைத்து எடுக்கப்பட்ட 'தி விண்ட்ஸ் ஆஃப் வார்' (1983) தொடரில் இணைத் தயாரிப்பாளர்; அதன் தொடர்ச்சியான 'வார் அண்ட் ரிமெம்ப்ரன்ஸ்' (1988-89) தொடருக்குத் தயாரிப்பாளர். இரண்டாம் உலகப் போரையும் யூத இன அழிப்பையும் சொல்லும் பிரம்மாண்டமான வேலை. சில காட்சிகளை ஆஷ்விட்ஸிலேயே எடுத்தார்கள். 1989-ல் சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருது வந்தது. அட்டைக் கோட்டைகளில் பல வருடம் செத்துச் செத்து எழுந்தவர், நிஜமாகவே மனிதர்களைக் கொன்று குவித்த இடத்தில் ஒரு தொடரைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தார். ரசிகர் கட்டுரைகளில் இது கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியமாக வரும். முகம் இல்லாத வேலை அல்லவா, ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது.

பிறகு 2014-ல் ரையன் காஸ்லிங் தான் இயக்கிய முதல் படம் 'லாஸ்ட் ரிவர்'ருக்கு அவரை அழைத்தார். டெட்ராய்ட்டின் பாழடைந்த வீடு ஒன்றில், பழைய கல்யாணக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி. பேசாத பாட்டி. காஸ்லிங் பெரிய ரசிகர், மரியாதையாகத்தான் செய்திருக்கிறார். ஒளியும் நிழலும் கண்களும் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எழுபத்தாறு வயதில், இவ்வளவும் பார்த்துவிட்டு வந்த ஒருவரைக் கூட்டிவந்து மறுபடியும் பேசவிடாமல் உட்காரவைத்ததை என்னவென்று சொல்வது? நாம் விரும்பியே போட்ட முகமூடி.

அவரைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 'பிளாக் சண்டே'யில்தான் தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் 'பிரான்யா'வையும் பாருங்கள். அதிலும் கடைசியில் ஸ்டீல்தான் வருகிறார். ஆற்றில் பரவிய மீன்கள் பலரைக் கடித்துத் தின்றிருக்கின்றன, கடலுக்கும் போய்விட்டனவோ என்ற கேள்வி நிற்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் அந்த விஞ்ஞானி, இனி பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்கிறார். பொய். சொல்பவருக்கும் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும். 1961-ல் இரும்புப் பெட்டிக்குள் உண்மை தெரிந்த ஒரு பெண் வாய் கட்டப்பட்டுக் கிடந்தாள். பதினேழு வருடம் கழித்து அதே நடிகை வெயிலில், கடற்கரையில், கேமராவைப் பார்த்துச் சாவகாசமாகப் பொய் சொல்கிறார், தன் சொந்தக் குரலில். அந்தச் சில நொடிகளை ஒலியோடு பாருங்கள்.